டிரெய்லர் சேஸிஸில் வெல்டு விடுகிறதா? விரிசல் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

மணலியிலிருந்து எண்ணூர் போகும் வழியில் ஒரு ஷெட்டில் இருபது வருடத்துக்கு மேலாக டிரெய்லர் சேஸிஸ் வேலை பார்க்கிறேன். சென்னைத் துறைமுகம், காட்டுப்பள்ளி, மாதவரம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும் நாற்பதடி கன்டெய்னர் டிரெய்லர்கள்தான் பெரும்பாலும் வரும். எப்போதாவது காசிமேட்டிலிருந்து விசைப்படகின் வின்ச் அடித்தகடும் வரும். புதிதாக விரிசல் விட்டு வருகிற வண்டிகளைவிட, ஏற்கெனவே பத்தவைத்த இடத்திலேயே மறுபடி விட்டு வருகிற வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: "அண்ணே, போன மாசம்தான் நல்லா கனமா அடிச்சுக் குடுத்தாங்க. அதுக்குள்ள விட்டுப்போச்சு."

அந்தக் 'கனமா'வில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரே தடவை பெரிய பாரம் ஏறி ஒடிந்தது என்றால் அது பலத்தின் பிரச்சினை, வெல்டைக் கூட்டினால் தீரும். சேஸிஸ் அப்படி ஒடிவது அபூர்வம். பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று துளித் துளியாக நகர்கிறது. ஒரு நாள் மிச்சமிருக்கும் இரும்பு தாங்காமல் பட்டென்று விடுகிறது. இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறோம். சோர்வு என்று வந்துவிட்டால் வெல்டின் கனம் ஓரளவுக்குத்தான் உதவும். அந்த வெல்டு எந்த இடத்தில் முடிகிறது, அதன் ஓரம் எந்த வடிவத்தில் முடிகிறது என்பதில்தான் ஆயுள் இருக்கிறது.

அதனால் விரிசலைப் பார்த்ததும் ராடை எடுக்காதீர்கள். அது கிளம்பிய இடம் எது என்று கண்டுபிடித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். கீழே இடம் வாரியாகவே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் கணக்கை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் கொஞ்சம் கணக்கு

குலுங்கும்போது இரும்பில் தகைவு ஏறி இறங்குகிறது. தகைவு என்பது ஒரு சதுர மில்லிமீட்டர் இரும்பின் மேல் எத்தனை நியூட்டன் விசை விழுகிறது என்ற அளவு. உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தகைவு வீச்சு என்பார்கள். வெல்டு இணைப்பின் ஆயுள் இந்த வீச்சின் மும்மடிக்கு (அந்த எண்ணை மூன்று தடவை எழுதிப் பெருக்கிய அளவுக்கு)த் தலைகீழாகப் போகும். வீச்சு இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. வீச்சை 20 சதவீதம் குறைத்தால் ஆயுள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓவர்லோடு ஏற்றுகிறவர்களிடம் நான் வேறெதுவும் பேசுவதில்லை, இந்த ஒரு கணக்கைத்தான் சொல்வேன்.

எத்தனை குலுக்கல் என்றும் பாருங்கள். வண்டி நொடிக்கு இரண்டு தடவை குலுங்குகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 7,200. அப்படியே 280 மணி நேரம் ஓடினால் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். எல்லாக் குலுக்கலும் பெரியதாக இருக்காது, சரி. ஆனாலும் எண்ணூர் விரைவுச் சாலையில் மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை போய் வந்தால் இந்த எண்ணிக்கை மிகை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த 20 லட்சம் என்ற எண்ணை வேண்டுமென்றேதான் எடுத்தேன். ஐ.ஐ.டபிள்யூ. எனப்படும் சர்வதேச வெல்டிங் கழகம், ஒவ்வொரு வகை இணைப்பும் 20 லட்சம் சுற்றுக்கு எவ்வளவு தகைவு வீச்சைத் தாங்கும் என்று வகைப்படுத்தியிருக்கிறது. வெல்டே இல்லாத உருட்டிய தகடு, சதுர மில்லிமீட்டருக்கு 160 நியூட்டன். கீழே வரும் எண்களும் இதே அளவில்தான். சமதளத்தில் வைத்து, இரு பக்கமும் நன்றாகப் பத்தவைத்துச் சோதித்த பட் வெல்டு (இரண்டு தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்ப்பது) 90. குறுக்கே ஒரு சின்னத் தகட்டை ஃபில்லட் (மூலையில் முக்கோணமாக நிரப்பும் வெல்டு) போட்டு நிறுத்தினால் 80. 300 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான தகட்டை பீமின் நீளவாக்கில் ஒட்டினால் 50. பாரத்தைச் சுமக்கும் ஃபில்லட் வெல்டு அடியிலிருந்து கிழிந்தால் 36. எல்லாமே ஒரே இரும்பு, ஒரே ராடு, ஒரே கை. வடிவம்தான் வேறு.

இரும்பை மாற்றினால் தப்பிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். பத்தவைத்தபடியே விட்ட இணைப்பில், அதிகப் பலமுள்ள இரும்பு போட்டாலும் சோர்வு பலம் கூடாது. சாதாரண இரும்புக்கு என்ன வகையோ அதே வகைதான் அதற்கும். வெல்டின் ஓரத்தில் கசடு புகுந்த நுண்ணிய கீறல்கள் தொடக்கத்திலேயே இருப்பதால், விரிசல் பிறப்பதற்கென்று தனியாகக் காலம் தேவைப்படுவதில்லை. வளர்வது மட்டுமே பாக்கி. வளரும் வேகமோ எல்லா இரும்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பலமான இரும்பு என்று நம்பிப் பட்டையின் கனத்தைக் குறைத்தால் தகைவு கூடி, வண்டி முன்னைவிடச் சீக்கிரம் விடும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் விலை அதிகமான தகடு வாங்கி வந்து இப்படி ஏமாந்தவர்கள் உண்டு.

பார்ப்பது எப்படி

பெயின்டையும் துருவையும் வயர் பிரஷ் போட்டு எடுங்கள். பெயின்டின் மேல் மெல்லிய செம்பழுப்புக் கோடு ஒன்று கசிந்த மாதிரி தெரிந்தால், அங்கே பெரும்பாலும் விரிசல் இருக்கிறது. மூடித் திறக்கும் விரிசலுக்குள் தண்ணீர் போய்த் துருவைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. அப்புறம் டை பெனட்ரன்ட் போடுங்கள். கிளீனரால் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, பத்து இருபது நிமிடம் ஊறவிட்டு, துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடியுங்கள். சாயத்தைத் துடைக்கும்போது கிளீனரை நேராக வெல்டின் மேல் அடித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் போய்விடும். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நாள் வாடகையில் சிறு துண்டுகூட இல்லை.

துண்டு முழுவதும் பிரிந்து வந்திருந்தால் உடைந்த முகத்தைத் தூக்கி எறியாதீர்கள். வழவழப்பாக, சிப்பியின் முதுகில் இருப்பதுபோல வளைந்த வரிகளோடு, பழுப்பேறிய பகுதி ஒன்று இருக்கும். அது நாள்கணக்கில் நடந்து வந்த விரிசல். கரடுமுரடாக, பளிச்சென்று இருக்கும் பகுதி கடைசி நாளில் ஒடிந்தது. சிப்பி வரிகள் எந்த இடத்தைச் சுற்றி வளைந்திருக்கின்றனவோ அதுதான் தொடக்கம். அந்தப் புள்ளி வெல்டின் ஓரமா, அடியா, முனையா என்று பாருங்கள்.

விரிசல் வெல்டின் ஓரத்தை ஒட்டியே ஓடுகிறது

அதிகம் வருவது இதுதான். வெல்டு உலோகம் தகட்டோடு சேரும் அந்த மெல்லிய கோட்டில் விரிசல் பிறந்து, தகட்டுக்குள் கீழ்நோக்கி இறங்கும். வெல்டு முழுசாக இருக்கும், தகடுதான் கிழிந்திருக்கும். அதனால்தான் "வெல்டு ஸ்ட்ராங்கா இருக்கு, பிளேட்தான் சரியில்ல" என்று பல ஷெட்டில் சொல்லிவிடுகிறார்கள். தகட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தக் கோட்டில் மூன்று விஷயம் ஒன்றுசேர்கின்றன. வடிவம் திடீரென்று திரும்புவதால் தகைவு அங்கே குவிகிறது. அண்டர்கட்டும் (வெல்டின் ஓரத்தில் தகடு உருகி விழுந்த பள்ளம்) கசடும் நுண்ணிய கீறலைப் போட்டு வைத்திருக்கின்றன. வெல்டு குளிர்ந்து சுருங்கியபோது ஏற்பட்ட உள்ளிழுவிசை, இரும்பு நெகிழும் அளவுக்கே உயர்ந்து, ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அந்த உள்ளிழுவிசையால்தான் அமுக்கம் மட்டுமே விழும் மேல் ஃபிளேஞ்சிலும் (பீமின் மேல் பட்டையிலும்) வெல்டு ஓரத்தில் விரிசல் வருகிறது. 'அமுங்குகிற இடம்தானே, விரிசல் எப்படி வரும்' என்று அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

முதலில் அண்டர்கட்டை அளந்து பாருங்கள். இழுவிசைக்குக் குறுக்கே போகும் வெல்டில், குலுக்கல் தாங்க வேண்டிய முக்கிய உறுப்பாக இருந்தால், ஏ.டபிள்யூ.எஸ். எனப்படும் அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதி 0.25 மில்லிமீட்டருக்கு மேல் அண்டர்கட்டை ஒப்புக்கொள்வதில்லை. விரல் நகத்தை ஓரத்தில் இழுத்துப் பாருங்கள், சிக்கினால் யோசிக்க வேண்டும். அண்டர்கட் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கரண்ட் அதிகம், ஆர்க் நீளம், கை வேகம், இந்த மூன்றில் ஒன்று. நெளித்து அடிக்கும்போது இரண்டு ஓரத்திலும் ஒரு கணம் நிற்காமல் ஓடுகிறவர் கையில் அது கட்டாயம் வரும்.

அடுத்து வெல்டின் வயிறு. உப்பிக்கொண்டு நிற்கும் வெல்டு பார்க்கப் பலமாகத் தெரியும். ஆனால் அது தகட்டோடு சேரும் கோணம் செங்குத்தாகிவிடும். தட்டையாகவோ லேசாகக் குழிந்தோ தகட்டில் வழுக்கிச் சேரும் வெல்டுதான் நீண்ட நாள் நிற்கும்.

சரிசெய்ய வேண்டிய முறை இது. விரிசலை முழுசாகத் தோண்டி எடுத்து நிரப்புங்கள் (தோண்டுவது பற்றிப் பின்னால் விரிவாக வருகிறது). அப்புறம் ஓரத்தைக் கிரைண்ட் செய்யுங்கள். இதற்கு நாலு இஞ்ச் வீல் ஆகாது. அது தகட்டில் குறுக்கே கூர்மையான தடம் போட்டுவிடும், புது விரிசலுக்கு நாமே கோடு கிழித்துக் கொடுத்த கதையாகும். உருண்டை முனையுள்ள கார்பைடு பர்ரை டை கிரைண்டரில் மாட்டி, ஓரத்தின் நெடுக ஒரு மெல்லிய வாய்க்கால் எடுங்கள். அண்டர்கட்டின் அடியிலிருந்து இன்னும் அரை மில்லிமீட்டர் கீழே போனால்தான் கசடுக் கீறல்கள் போகும். மொத்த ஆழம் 2 மில்லிமீட்டரையோ, தகட்டின் கனத்தில் 7 சதவீதத்தையோ, எது சிறியதோ அதைத் தாண்டக் கூடாது. 12 மில்லிமீட்டர் தகட்டுக்கு அது 0.84 மில்லிமீட்டர்தான். கடைசியாக மெருகேற்றும் தடங்கள் இழுவிசையின் திசையிலேயே ஓட வேண்டும்.

ஒழுங்காகச் செய்தால் முன்பு தாங்கியதைப்போல 1.3 மடங்கு தகைவு வீச்சைத் தாங்கும் என்று ஐ.ஐ.டபிள்யூ. ஒப்புக்கொள்கிறது. மும்மடிக் கணக்கில் போட்டால் ஆயுள் 2.2 மடங்கு. டிக் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் போட்டு, கேஸ் மூடலில் பத்தவைக்கும் முறை) டார்ச்சை வைத்து, கம்பி சேர்க்காமல், ஓரத்தை மட்டும் மறுபடி உருக்கி வழவழப்பாக்கும் முறைக்கும் இதே 1.3தான். எங்கள் ஷெட்டில் டிக் இருந்தும் நான் பர்ரையே அதிகம் பயன்படுத்துகிறேன். திறந்த வெளியில் கடல்காற்று வீசும்போது டிக் கேஸ் நிற்பதில்லை என்பது ஒரு காரணம். உருக்கிவிட வேண்டிய ஓரத்தில் துரு கொஞ்சம் இருந்தாலும் காரியம் கெட்டுவிடும் என்பது இன்னொன்று.

பிராக்கெட் முனையில், பட்டை முடியும் இடத்தில் விரிசல்

ஹேங்கர் பிராக்கெட் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தாங்கி), விளக்கு ஸ்டாண்டு, டூல் பாக்ஸ் தாங்கி, ஏர் பைப் கிளிப், நம்பர் பிளேட் பட்டை இவற்றில் ஏதோ ஒன்றின் முனையிலிருந்து விரிசல் கிளம்பி ஃபிளேஞ்சுக்குள் போயிருக்கும். மேலே சொன்ன 50 என்ற எண் இதற்குத்தான். பீமில் ஓடும் விசை, அந்தத் துண்டு தொடங்கும் முனையில் திடீரென்று அதற்குள்ளும் புகப் பார்க்கிறது. முழுக் குவியலும் அந்த ஒரு முனையில். துண்டு நீளமாக நீளமாக நிலைமை மோசம். 50 மில்லிமீட்டருக்குக் குறைவான துண்டுக்கு 80 என்றால், 300ஐத் தாண்டியதற்கு 50.

இதில் ஒரு விபத்தை எங்கள் ஷெட்டுக்கு வரும் ஒவ்வொரு பையனுக்கும் சொல்லியிருக்கிறேன். 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்ஸாண்டர் எல். கீலண்ட் என்ற மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் செத்துப்போனார்கள். எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்தவர்கள் தங்கியிருந்த மேடை அது. விசாரித்தபோது, தண்ணீருக்கடியில் ஒலியைக் கேட்கும் ஒரு சின்னக் கருவியைத் தாங்குவதற்கு மேடையின் குறுக்குத் தூணில் ஒரு துண்டைப் பத்தவைத்திருந்தது தெரிந்தது. அதைப் பிடித்திருந்தது 6 மில்லிமீட்டர் ஃபில்லட் வெல்டு. அந்த வெல்டில் தொடங்கிய விரிசல் அலைக்கு அலை வளர்ந்து, தூணையே சுற்றி வந்து அறுத்தது. 'சும்மா ஒரு கிளிப்தானே' என்று ஃபிளேஞ்சில் டாக் (சின்ன ஒட்டு வெல்டு) அடிக்கக் கை போகும்போது இது நினைவுக்கு வர வேண்டும்.

செய்ய வேண்டியது: பைப் கிளிப், வயர் கிளிப் எதையும் ஃபிளேஞ்சில் பத்தவைக்காதீர்கள். கீழ் ஃபிளேஞ்சு, கிங்பின்னுக்கும் (டிரெய்லரை லாரியோடு இணைக்கும் பின்) ஆக்ஸிலுக்கும் இடைப்பட்ட நடுப்பகுதியில்தான் அதிகமாக இழுபடுகிறது, அந்தப் பகுதி முழுவதையுமே தொடக்கூடாத இடமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் ஏதாவது மாட்ட வேண்டுமென்றால் வெப்பின் (இரண்டு ஃபிளேஞ்சுக்கும் நடுவே நிற்கும் தகடு) நடு உயரத்தில் மாட்டுங்கள், வளைவுத் தகைவு அங்கே கிட்டத்தட்ட இல்லை. கஸ்ஸெட்டின் (மூலையைத் தாங்கும் தகடு) முனையைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தாமல் மெதுவாகச் சரிவாக இறக்கி, வெல்டை முனையைச் சுற்றிக் கொண்டுபோய், பர் போட்டு வழவழப்பாக்கி விடுங்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட பிராக்கெட்டை அதே இடத்தில் அதே வடிவத்தில் வைத்துப் பத்தவைத்தால் அதே ஆயுள்தான் வரும், அதைவிட ஒரு நாளும் கூட வராது.

வெல்டின் முதுகிலேயே, நடுவில், நெடுக விரிசல்

இது மேலே பிறந்ததல்ல. அடியில், இரண்டு தகடும் சேராமல் விட்ட இடைவெளியிலிருந்து கிளம்பி, வெல்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும்போது முக்கால்வாசி முடிந்த கதை. பயப்பட வேண்டிய அறிகுறி.

10 மில்லிமீட்டர் தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் ஃபில்லட் அடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபில்லட்டின் கழுத்து (முக்கோணத்தின் மெல்லிய குறுக்களவு) என்பது காலில் (தகட்டில் ஒட்டியிருக்கும் பக்கம், இங்கே 6) 0.7 பங்கு. ஒரு பக்கம் 4.2, இரண்டும் சேர்ந்து 8.4. தகடு 10. பாரம் தகட்டு வழியாக வந்தால் வெல்டுதான் மெல்லிய பகுதி. கூடவே அடியில் இருக்கும் அந்த இடைவெளி ஒரு ரெடிமேட் விரிசல். வெல்டின் காலைக் கூட்டுவது உண்மையிலேயே உதவும் இடம் இதுதான். ஆனால் 6ஐ 8 ஆக்கினால் வெல்டு உலோகம் 1.8 மடங்கு ஆகும், உருக்குலைவும் கூடும். அதைவிடத் தகட்டின் விளிம்பைச் சரிவாகச் செதுக்கி முழு ஊடுருவலோடு பத்தவைப்பது மேல். அப்படிச் செய்தால் 36 என்ற வகையிலிருந்து 71க்கு ஏறிவிடுகிறது. மும்மடிக் கணக்கில் ஆயுள் ஏழு மடங்குக்கு மேல்.

ஒரு பக்கம் மட்டுமே பத்தவைத்த பட் வெல்டிலும் இதேதான். மறுபக்கம் போய் அடியைக் கிரைண்ட் செய்து வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் அடிக்க வேண்டும். கூடவே தகடுகள் ஏறுமாறாக நிற்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் தகடுகள் 2 மில்லிமீட்டர் ஏறுமாறாக நின்றால் தகைவு ஒன்றரை மடங்காகிறது, ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. அவசரத்தில் பெரிதாகத் தெரியாத அந்த 2 மில்லிமீட்டர், டாக் அடிக்கும்போதே சரிசெய்தால் ஐந்து நிமிட வேலை.

வெல்டு தோல் உரிந்த மாதிரி பிரிந்து வந்திருக்கிறது

உடைந்த முகத்தைப் பார்த்தால் தகட்டின் பழைய விளிம்பு அப்படியே இருக்கும். கட்டிங் கோடுகூடத் தெரியும். வெல்டு மேலே படுத்திருக்கிறதே தவிரப் பற்றவில்லை. சிஓடூ மெஷின் (கம்பியைத் தானாகத் தள்ளி, கேஸ் மூடலில் பத்தவைப்பது) வாங்கிய புதிதில் பல ஷெட்டுகளில் இதைப் பார்த்தேன், எங்கள் ஷெட்டிலும் நடந்தது. ஆரம்பத்தில் குறைந்த வோல்டேஜில் வைத்து, கனமான தகட்டில், மேலிருந்து கீழே இழுத்து வேகமாக அடித்துக்கொண்டிருந்தோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. உருகிய உலோகம் ஆர்க்குக்கு முன்னாலேயே வழிந்து, உருகாத தகட்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. அப்படி அடித்த ஒரு ஹேங்கர் பிராக்கெட், லோடோடு போன முதல் வாரத்திலேயே கையோடு வந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து கனமான தகட்டில் செங்குத்து வெல்டு கீழிருந்து மேலேதான்.

எந்த முறை நல்லது என்று கேட்பவர்களுக்கு என் அனுபவமும் நான் படித்ததும் சேர்ந்து சொல்வது இது. ராடு வெல்டிங்கில் கசடு இருப்பதால் ஓரத்தில் கசடுக் கீறல் வரும், ஒவ்வொரு ராடு மாற்றும் இடமும் ஒரு பலவீனப் புள்ளி. ஆனால் ஊடுருவலை நம்பலாம், காற்றிலும் வேலை செய்யும். சிஓடூவில் கசடு மிகக் குறைவு, நீளமாக நிறுத்தாமல் ஓடலாம், ஆனால் பற்றாமல் படுக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. அந்தப் பற்றாத வெல்டு வெளியே பார்த்தால் தெரியாது, டை பெனட்ரன்ட்டிலும் தெரியாது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் காற்று வீசினாலே கேஸ் கலைந்து வெல்டில் ஓட்டை விழும். எங்கள் பக்கம் மதியம் கடல்காற்று ஏறியதும் தார்ப்பாய் கட்டாமல் சிஓடூவைத் தொடுவதில்லை. டிக் ஓரத்துக்கு மிக நல்லது, முழு வெல்டுக்கு மிக மெதுவானது. சப்மெர்ஜ்டு ஆர்க்கில் (பொடிக்கு அடியில் ஆர்க் எரியும் முறை) நீளமான பீமை ஒரே ஓட்டமாக, வழவழப்பாக எடுக்கலாம், பெரிய ஃபேப்ரிகேஷன் ஷெட்டில்தான் முடியும். இந்த வித்தியாசங்கள் எல்லாம் உண்மை. ஆனால் ஒழுங்காக அடித்த ராடு வெல்டுக்கும் ஒழுங்காக அடித்த சிஓடூ வெல்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, நல்ல இடத்தில் முடிந்த வெல்டுக்கும் கெட்ட இடத்தில் முடிந்த வெல்டுக்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரியது. ஐ.ஐ.டபிள்யூ. பெரும்பாலும் முறையைப் பார்க்காமல் இணைப்பின் வடிவத்தைப் பார்த்து வகை கொடுத்திருப்பதும் அதனால்தான்.

பத்தவைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப விடுகிறது

வண்டியைக் கீழே குனிந்து பாருங்கள். விரிசலின் மேலேயே வெல்டு ஓடியிருக்கும். அதன்மேல் ஒரு பட்டையை வைத்து நாலு பக்கமும் அடித்திருப்பார்கள். அந்தப் பட்டையின் முனையிலிருந்து புது விரிசல் கிளம்பியிருக்கும். அதன்மேல் இன்னொரு பட்டை. மூன்று அடுக்குப் பார்த்திருக்கிறேன்.

விரிசலின் மேல் அடித்த வெல்டு மூடி மாதிரிதான். கீழே விரிசல் அப்படியே இருக்கிறது, அதன் நுனி இன்னும் கூர்மையாக இருக்கிறது. பட்டையின் முனையில் குறுக்கே அடித்த வெல்டோ, ஃபிளேஞ்சில் போடக்கூடிய மிக மோசமான இணைப்புகளில் ஒன்று.

முறையாகச் செய்வது இப்படி. பேட்டரியையும் ஏபிஎஸ் கனெக்டரையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே, சுத்தமான இரும்பில் மாட்டுங்கள், இல்லையென்றால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போகும். பாரத்தை இறக்கி, பீமை ஜாக்கி கொடுத்து நேராக்குங்கள். டை பெனட்ரன்ட் போட்டு விரிசலின் நுனியைக் கண்டுபிடித்து, கண்ணுக்குத் தெரியும் நுனிக்குக் கொஞ்சம் அப்பால் 10 அல்லது 12 மில்லிமீட்டர் துளை போடுங்கள். உண்மையான நுனி எப்போதும் தெரிவதைத் தாண்டித்தான் இருக்கும். துளைக்குள்ளும் சாயம் போட்டுப் பாருங்கள். அப்புறம் விரிசலை முழு ஆழத்துக்கும் வி வடிவத்தில் தோண்டுங்கள். பாதியில் 'போதும்' என்று தோன்றும், போதாது. சாயத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லாமல் ஆகும்வரை தோண்ட வேண்டும். ஃபிளேஞ்சின் விளிம்புவரை விரிசல் வந்திருந்தால், விளிம்புக்கு வெளியே அதே கனத்தில் ஒரு துண்டுத் தகட்டை டாக் அடித்து, வெல்டை அதற்குள் கொண்டுபோய் முடித்து, அப்புறம் துண்டை வெட்டி எடுங்கள். தொடக்கமும் முடிவும் விளிம்பில் நிற்கக்கூடாது. ஒரு பக்கம் நிரப்பி, மறுபக்கம் அடியைத் தோண்டி, அங்கேயும் நிரப்புங்கள். கடைசியில் உப்பலை முழுசாகக் கிரைண்ட் செய்து தகட்டோடு சமமாக்குங்கள், தடங்கள் பீமின் நெடுக ஓடட்டும். சமமாக்கிய வெல்டைப் பார்த்து "என்ன மேஸ்திரி, அடிச்சதையெல்லாம் எடுத்துட்டீங்க" என்று உரிமையாளர் சங்கடப்படுவார். பொறுமையாக விளக்குங்கள்.

கட்டாயம் பட்டை கொடுக்க வேண்டிய நிலை என்றால், அதை நீளமாக எடுத்து, முனைகளைக் கூம்பாக வெட்டி, தகைவு குறைந்த இடம்வரை கொண்டுபோய், ஃபிளேஞ்சுக்குக் குறுக்கே வெல்டு வராமல் முடியுங்கள். டிரெய்லருக்கு முன்னால் இழுக்கும் லாரியின் சேஸிஸ் வேறு விஷயம். பல லாரிக் கம்பெனிகள் அதன் ஃபிளேஞ்சில் வெல்டும் துளையும் கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன. படித்துவிட்டுக் கை வையுங்கள்.

வண்டி ஓடவே இல்லை, மறுநாள் காலையில் விரிசல்

இது சோர்வு இல்லை, ஆனால் சோர்வுக்கு விதை. ராடில் இருந்த ஈரம் ஆர்க்கில் ஹைட்ரஜனாகி, வெல்டுக்குப் பக்கத்தில் சூட்டில் இறுகிய தகட்டுக்குள் புகுந்து, குளிர்ந்தபின் கிழிக்கிறது. உடனே தெரியாது, 48 மணி நேரம்வரை ஆகலாம். கனமான தகட்டிலும் பலம் அதிகமான இரும்பிலும் ஆபத்து கூடுதல்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது சாதாரண விஷயமில்லை. 7018 என்ற குறைந்த ஹைட்ரஜன் ராடு பாக்கெட்டைப் பிரித்து மேசையில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தாலே அது ஈரம் குடிக்க ஆரம்பித்திருக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்ததை அப்படியே பயன்படுத்தக் கூடாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் வெப்பத்தில் ஓவனில் வைத்துச் சுட்டு, பிறகு சூட்டுப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். ஓவன் இல்லாத ஷெட்டில் 7018 வாங்குவதில் பெரிய பயனில்லை. தகட்டையும் கேஸ் டார்ச்சால் லேசாகச் சூடாக்கி ஈரத்தை ஓட்டுங்கள், மார்கழிக் காலையில் கண்டிப்பாக. முக்கியமான வெல்டுக்குக் கடைசி டை பெனட்ரன்ட்டை இரண்டு நாள் கழித்துப் போடுங்கள்.

வெல்டே இல்லாத இடத்தில் விரிசல்

அங்கே ராடைத் தட்டி ஆர்க் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நொடி பட்ட சூடு போதும், அந்தப் புள்ளி கண்ணாடி மாதிரி இறுகிவிடும். எர்த் கிளாம்பு சரியாகப் பிடிக்காமல் பொறி விட்ட இடமும் அப்படித்தான். ஆர்க்கை வெல்டு வரப்போகும் இடத்துக்குள்ளேயே பற்றவையுங்கள். தழும்பு விழுந்துவிட்டால் சமமாகக் கிரைண்ட் செய்து, சாயம் போட்டுப் பார்த்துவிட்டு விடுங்கள். தழும்பு இல்லையென்றால் துருக் குழி இருக்கும். உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில் குழியின் அடியே விரிசலின் தொடக்கம். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அடிச்சேஸிஸைக் கழுவி, பர் போட்ட இடங்களில் ஜிங்க் பிரைமர் அடித்து வைப்பது கட்டாயம். வழவழப்பாக்கிய ஓரம் துருப்பிடித்தால் அந்த 1.3 மடங்கு நமக்கு மிஞ்சாது.

கிங்பின்னைச் சுற்றி விரிசல்

கிங்பின் தகட்டில், பின் உட்காரும் வளையத்தைச் சுற்றி, நிலாப் பிறை மாதிரி விரிசல் தெரிந்தால் பத்தவைக்க ஆரம்பிக்காதீர்கள். பின் சூட்டுப்பதம் கொடுத்த அலாய் இரும்பு, அதன்மேல் வெல்டு படவே கூடாது. தகட்டை மட்டும் பத்தவைத்துக் கொடுங்கள், இரண்டு ட்ரிப் ஓடட்டும் என்று கெஞ்சுவார்கள். நாற்பதடி கன்டெய்னர் முழுவதையும் அந்த ஒரு பின்னைப் பிடித்துத்தான் லாரி திருவொற்றியூர் நெரிசலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது, பக்கத்தில் ஸ்கூல் ஆட்டோவும் டூவீலரும் போகின்றன. தகட்டையும் பின்னையும் சேர்த்துப் புதிதாக மாற்ற வேண்டும். மாற்றும்வரை வண்டியை ஷெட்டிலேயே நிறுத்துங்கள். வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் பல நாள் இடம் கொடுத்திருக்கிறேன்.